செல்ஃப் அடிக்கிறது, வண்டி பிடிக்கவில்லை: பம்ப்பை மாற்றியும் தீராத ஒரு கோளாறு

வண்டி 1996 மாடல். நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், மல்டி பாயின்ட் இன்ஜெக்‌ஷன், ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய பாணி இக்னிஷன், டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும் எலக்ட்ரிக் பம்ப். ஸ்கேனரை மாட்டி என்ன கோளாறு என்று படித்துக்கொள்ளும் வசதி கிடையாது, டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எத்தனை முறை கண் சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டிய காலத்து வண்டி. அதுவும் இந்தக் கோளாறில் ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை.

கோளாறு இதுதான். காலையில் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் செல்ஃப் நன்றாக அடிக்கும், இன்ஜின் சுற்றும், ஆனால் ஒரு இருமல்கூட இருக்காது. மறுபடி மறுபடி அடித்தாலும் அதே கதைதான். சாயங்காலம் வந்து திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி பிடிக்கும். இதை மூன்று வாரம் துரத்தினேன். நான் செய்த தப்புகளையும் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் கண்டுபிடித்த விதத்தைவிடக் கண்டுபிடிக்காமல் போன விதத்தில்தான் விஷயம் அதிகம்.

முதல் தடவை நடந்தபோது எல்லோரும் சொல்கிற மாதிரி நானும் பேட்டரி என்றுதான் சொன்னேன். இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு அடித்துப் பார்த்தோம், பிடிக்கவில்லை. இது அர்த்தமில்லாத வேலை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். செல்ஃப் சோம்பலாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் 9.6-க்குக் கீழே போனாலும் சந்தேகப்படலாம், அந்த அளவுக்கு இறங்கினால் சில வண்டிகளில் கம்ப்யூட்டரே தடுமாறும். என் வண்டியில் 10.5 இருந்தது, சுற்றும் வேகமும் வழக்கமானதுதான்.

சுற்றும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது ஒரு நல்ல பழக்கம். நாலு சிலிண்டரும் அமுக்கும்போது ஒரே தாளத்தில் உம்-உம்-உம்-உம் என்று வரும். ஒரு தட்டு விட்டுப்போனால் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. தாளமே இல்லாமல் தையல் மெஷின் மாதிரி சர்ரென்று இலகுவாகச் சுற்றினால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அப்போது மேற்கொண்டு அடிக்காமல் கையை எடுத்துவிட வேண்டும். சில இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். என் வண்டியில் தாளம் சுத்தமாக இருந்தது. பெல்ட் இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். பாக்கி இரண்டு: பெட்ரோல் வரவில்லை, இல்லாவிட்டால் பிளக்கில் பொறி வரவில்லை.

இங்கே அளந்து பார்த்திருந்தால் கதை முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும். நான் பிளக் நாலையும் மாற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டாரையும் மாற்றினேன். பழையதுதானே, எப்படியும் மாற்ற வேண்டியதுதானே என்று ஒரு சமாதானம் இருக்கும் பாருங்கள், பழைய வண்டி வைத்திருப்பவர்களின் பாதிக் காசு அந்தச் சமாதானத்தில்தான் கரைகிறது. மூடியைக் கழற்றியபோது உள்ளே மயிரிழை மாதிரி ஒரு கரிக்கோடு வேறு இருந்ததால், கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷமும் கிடைத்தது. நாலே நாளில் வண்டி மறுபடி நின்றது.

இரண்டாவது தடவை கொஞ்சம் புத்தி வந்திருந்தது. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, த்ராட்டில் வாய்க்குள் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே ஒரு நொடி அடித்துவிட்டுச் சுற்றினேன். இரண்டு நொடி பிடித்து ஓடி நின்றது. (ஸ்பிரே அடிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், குழாயை மாட்டிவிட்டுச் சுற்றுங்கள். சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் உள்ள டீசல் வண்டியில் இதைச் செய்யவே கூடாது.) அந்த இரண்டு நொடி ஓட்டம் சொல்வது நிறைய. பொறி இருக்கிறது, சரியான நேரத்தில் வருகிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, இல்லாதது பெட்ரோல் மட்டும்தான். அப்புறம் சாவியை ஆன் நிலையில் வைத்துக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். இந்த வண்டியில் சாவி போட்டதும் பின் சீட்டுக்கடியிலிருந்து இரண்டு நொடி ‘ஊ’ என்று பம்ப் முனகும், லைனில் பிரஷர் ஏற்றிவிட்டு அடங்கும். அந்த முனகல் இல்லை. பம்ப்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்சான ரிலே மட்டும் டாஷ்போர்டுக்கடியில் ‘டிக்’ என்றது.

சரி, பம்ப் ஓடவில்லை. பம்ப்புக்குக் கரண்ட் வருகிறதா? பின் சீட்டைத் தூக்கி, பம்ப் கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் அதில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவரைச் சாவி போடச் சொன்னேன். 12.1 வோல்ட். நம்பிக்கை போதாமல் எல்இடி டெஸ்டரையும் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, பம்ப் ஓடவில்லை, ஆகவே பம்ப் போய்விட்டது. சூடானால் மோட்டார் இறுகிக்கொள்கிறது, ஆறினால் விடுகிறது என்று காரணமும் நானே எழுதிக்கொண்டேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ரிலேயும் ‘டிக்’ என்கிறது, ஆகவே ரிலேயும் நல்லது.

இந்த இரண்டு ‘ஆகவே’யும் தப்பு. அதுதான் இந்த ஆய்வின் மையம், கொஞ்ச நேரத்தில் அங்கே வருகிறேன்.

மறுநாள் புதுப் பம்ப் மாட்டினேன். பெட்ரோல் வாடையோடு அரை நாள் வேலை. கூடவே ஃபில்டரையும் மாற்றினேன். வண்டி பிடித்தது. அடுத்த ஆறு நாளும் ஒரு குறையும் இல்லை. ஆறு நாளும் வானம் மூடிக்கொண்டு இருந்தது என்பது அப்போது எனக்கு ஒரு தகவலாகவே படவில்லை. ஏழாவது நாள் வெயில் வந்தது. மத்தியானம் வண்டி நின்றது, புதுப் பம்ப்பும் முனகவில்லை.

உண்மையைச் சொன்னால் அன்றைக்குக் கொஞ்சம் நிலை தவறிவிட்டேன். சூட்டில் கெட்டுப்போகும் பாகம் என்றதும் யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் சூட்டில் விரிந்து அறுபடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும், பழைய வண்டிகளில் இது நிஜமாகவே நடக்கும் கோளாறு. சென்சாரை வாங்கப் போனேன், வாசலில் நின்று யோசித்தேன். கிராங்க் சிக்னல் இல்லாவிட்டால் பொறியே வராது, ஸ்பிரே அடித்தபோது இன்ஜின் இரண்டு நொடி ஓடியதே? செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளும் லேசாகத் துள்ளுகிறதே? நானே செய்த சோதனை எப்போதோ கொன்றுவிட்ட சந்தேகத்தைத் திரும்ப உயிர்ப்பித்துக் காசு கொடுக்கப் போயிருக்கிறேன். வாங்காமல் திரும்பினேன். இந்த மூன்று வாரத்தில் நான் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

இரண்டாவது உருப்படியான காரியம் ஒரு நோட்டு. எப்போது நின்றது, அதற்கு முன் எவ்வளவு நேரம் ஓடியது, எங்கே நிறுத்தினேன், எவ்வளவு நேரம் கழித்துப் பிடித்தது என்று எழுத ஆரம்பித்தேன். பழைய மூன்று தடவைகளையும் நினைவிலிருந்து எழுதினேன். மூன்றுமே ஓடி வந்து நிறுத்திய பிறகு நடந்தவை என்பதால், இன்ஜின் சூடுதான் காரணம் என்று நோட்டும் சொல்லிற்று. நாலாவது தடவை வந்தது பாருங்கள், அதுதான் கண்ணைத் திறந்தது. காலை பத்து மணிக்கு நிறுத்திய வண்டியை மத்தியானம் மூன்று மணிக்கு எடுக்கப் போனேன். பிடிக்கவில்லை. அஞ்சு மணி நேரம் நின்ற இன்ஜின், ரேடியேட்டர் குழாயைக் கையால் பிடித்தால் சும்மா வெதுவெதுப்பு. ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியவில்லை, உள்ளங்கை சுட்டது.

அட, சூடு சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, எதன் சூடு என்று யோசித்தோமா? நாலு தடவையும் வண்டி வெயிலில் நின்றிருக்கிறது. நாலு தடவையும் கண்ணாடி மூடியிருந்தது. சூடானது இன்ஜின் அல்ல, கேபின். அப்படியென்றால் கோளாறு பானெட்டுக்குள் இல்லை, டேங்குக்குள்ளும் இல்லை, நான் உட்காரும் இடத்தில் எங்கேயோ இருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் எலக்ட்ரிக்கல் வேலையில் பழுத்த ஒரு அண்ணனிடம் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, அந்த 12 வோல்ட்டைக் கனெக்டரைக் கழற்றி வைத்துப் பார்த்தாயா, மாட்டி வைத்துப் பார்த்தாயா?”

“கழற்றித்தான் அண்ணே.”

“அப்போ நீ எதையுமே பார்க்கவில்லை.”

அவர் சொன்னதை என் கணக்கில் விளக்குகிறேன். மல்டிமீட்டர் வோல்ட் பார்க்கும்போது கரண்ட் இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 10 மெகா ஓம். வழியில் எங்கேயோ ஒரு இணைப்பு விட்டுப்போய் 40 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வையுங்கள். ஒரு கோடி ஓமுக்கு முன்னால் 40 ஓம் எம்மாத்திரம்? மீட்டர் முழு 12-ஐயும் காட்டும். எல்இடி டெஸ்டரும் சில மில்லி ஆம்பியரில் எரிந்துவிடும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் பம்ப் மோட்டாரின் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம் அளவுதான். 40-ம் 1-ம் பங்கு போட்டுக்கொண்டால் பம்ப்புக்குக் கிடைப்பது 0.3 வோல்ட். பத்து இழை உள்ள வயரில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டருக்குத் திருப்தி, பம்ப்புக்குப் பட்டினி. பளு ஏற்றாமல் பார்த்த வோல்டேஜ் ஒன்றையும் நிரூபிக்காது, வயர் முழுசாக அறுபடவில்லை என்பதைத் தவிர.

அதனால் அடுத்த தடவைக்குத் தயாரானேன். பழைய 55 வாட் ஹெட்லைட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு வயர் வைத்துக் கட்டினேன். அது நாலரை ஆம்பியர் இழுக்கும், கிட்டத்தட்டப் பம்ப் இழுக்கிற அளவு. நடுவில் 15 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட நீள வயர் ஒன்று. மீட்டர் முனைக்கு இரண்டு மெல்லிய ஊசி, மாட்டியிருக்கும் கனெக்டரின் முதுகு வழியாக வயரை ஒட்டி உள்ளே விட்டு அளப்பதற்கு. எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்தேன். இந்த மாதிரி வந்து போகும் கோளாறில் வண்டி நின்றிருக்கும் அந்த அரை மணி நேரம்தான் பொன்னான நேரம், அப்போது கருவி தேடிக்கொண்டிருந்தால் கோளாறு ஆறிப் போய்விடும். நாலாவது தடவை வரைக்கும் நான் செய்தது அதுதான்: நிற்கும்போது திட்டிக்கொண்டிருந்தேன், ஓடும்போது பாகம் மாற்றினேன்.

அடுத்த நாள் வேண்டுமென்றே வண்டியைக் கொளுத்தும் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தினேன். வண்டி நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே நாள் அது. இரண்டு மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு கதவை மட்டும் திறந்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்க உட்கார வைத்தேன். சாவி போட்டதும் வரும் இரண்டு நொடியில் நிதானமாக அளக்க முடியாது, செல்ஃப் சுற்றும்போதுதான் பம்ப்புக்குத் தொடர்ந்து கரண்ட் போகும். கனெக்டர் மாட்டியபடியே பின்னாலிருந்து ஊசி விட்டு அளந்தேன்: 0.3 வோல்ட். கனெக்டரைக் கழற்றி அளந்தேன், சாவி ஆன் நிலையில்: 12.1. அதே 12.1! பம்ப்புக்குப் பதில் ஹெட்லைட் பல்ப்பை மாட்டினேன். இழைகூடச் சிவக்கவில்லை.

அடுத்து எர்த், அதாவது கரண்ட் பம்ப்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. பம்ப்பின் நெகட்டிவ் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்ப்பது வழக்கம். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, கவனியுங்கள். கரண்டே ஓடாத இடத்தில் கெட்டுப்போன எர்த்தும் நல்ல எர்த் மாதிரிதான் காட்டும். அதனால் அளக்கவில்லை, ஃபியூஸ் போட்ட நீள வயரைப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து கொண்டுவந்து பம்ப் பாசிட்டிவில் நேராகத் தொட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் ‘ஊ’ என்றது பம்ப். அப்போது பம்ப் நல்லது, எர்த்தும் நல்லது, இரண்டும் ஒரே தொடுதலில் முடிந்தது. (வயரைக் கனெக்டர் பக்கத்தில், டேங்க் மூடியை மூடி வைத்துவிட்டுத் தொட வேண்டும். முதலில் பம்ப் பக்கம் மாட்டிவிட்டு, கடைசித் தொடுதலைப் பேட்டரி பக்கம் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, பொறி பறந்தால் அங்கே பறக்கட்டும்.)

பாக்கி இருப்பது பாசிட்டிவ் வழி. பின் சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்து, டாஷ்போர்டுக்கடியில் ஸ்டீயரிங் பக்கம் தலைகீழாகப் படுத்து, மெயின் ரிலேயின் கனெக்டரில் ஊசி வைத்தேன். ரிலேக்கு உள்ளே வரும் வயரில் செல்ஃப் சுற்றும்போது 10.3. பம்ப்புக்கு வெளியே போகும் வயரில் 0.3. பத்து வோல்ட் இந்தக் கைக்கடக்கமான கறுப்புப் பெட்டிக்குள் காணாமல் போகிறது. அதுவும் நான் படுத்திருக்கும்போதே காதோரம் ‘டிக்’ என்று சொல்லிக்கொண்டே. ரிலே கனெக்டரில் அந்த இரண்டு காலையும் ஃபியூஸ் வயரால் பாலம் போட்டேன். வண்டி முதல் சுற்றில் பிடித்தது.

வீட்டுக்கு வந்து ரிலேயைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே ஒரே சர்க்யூட் பலகையில் இரண்டு ரிலே. ஒன்று கம்ப்யூட்டருக்கும் இன்ஜெக்டருக்கும், இன்னொன்று பம்ப்புக்கு. அதனால்தான் இன்ஜின் விளக்கும் பொறியும் ஒழுங்காக இருந்து பம்ப் மட்டும் செத்தது. பலகையைத் திருப்பி வெறும் கண்ணால் பார்த்தபோது கால்களைப் பற்றவைத்திருந்த எல்லா ஈயமும் பளபளவென்று நன்றாகத்தான் தெரிந்தது. பூதக்கண்ணாடியை வைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்தபோதுதான் தெரிந்தது. பம்ப்புக்குப் போகும் காலைச் சுற்றி, ஈயக் குமிழின் நடுவே, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி ஒரு கறுப்பு வளையம். காலை விரலால் அசைத்தால் ஈயம் அசையவில்லை, கால் மட்டும் மயிரளவு அசைந்தது.

காரணம் எளிது. காலின் உலோகம், ஈயம், பலகை மூன்றும் சூட்டில் வேறு வேறு அளவில் விரியும். தினமும் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, வருடக்கணக்கில் அதே இடத்தை வளைத்துக்கொண்டே இருந்தால் ஈயம் களைத்து வளையமாக வெடிக்கும். வெடித்த முகத்தில் களிம்பு படிகிறது. குளிர்ந்திருக்கும்போது இரண்டு முகமும் அழுந்தித் தொட்டுக்கொள்ளும், சூடானால் விலகும். 1990-களின் ரிலேக்களில் அடிக்கடி வரும் நோய் இது. ‘டிக்’ சத்தம் கொடுப்பது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளும் அது இழுத்து மூடும் கான்டாக்ட் முனையும், அவை நன்றாகவே வேலை செய்தன. கான்டாக்ட்டைத் தாண்டி வெளியே போகும் காலில்தான் வழி அறுந்திருந்தது. சத்தம் ரிலேயின் பாதி நலத்தை மட்டுமே சொல்லும்.

ஏற்கெனவே இரண்டு தடவை ஏமாந்தவன் என்பதால் உடனே ஈயம் வைக்கவில்லை. ரிலேயை அப்படியே திரும்ப மாட்டி, ஆறின இன்ஜினில், நிழலில், முடி உலர்த்தும் டிரையரால் ரிலேக்கு மட்டும் சூடு காட்டினேன். ஆறு நிமிஷத்தில் பம்ப் முனகல் நின்றது. ஃபேன் காற்றைக் காட்டினேன், முனகல் வந்தது. மறுபடி டிரையர், மறுபடி நின்றது. கோளாறை நான் நினைத்தபோது வரவழைத்து நினைத்தபோது அனுப்ப முடிந்தது. பம்ப்பை மாற்றிவிட்டு ஆறு நாள் காத்திருந்தேனே, அது சோதனையே இல்லை, வானிலை அறிக்கை.

அப்புறம்தான் சால்டரிங். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுரண்டி, ஃபிளக்ஸ் தடவி, 60/40 ஈயம் வைத்தேன். பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயத்தை அப்பினால் உள்ளே இருக்கும் களிம்பு அப்படியே தங்கும், சில மாதத்தில் திரும்ப வரும். அந்தக் கால் மட்டுமல்ல, பலகையில் கனமான கரண்ட் போகும் எல்லாக் கால்களுக்கும் செய்துவிட்டேன். டிரையரை இருபது நிமிஷம் காட்டினேன், பம்ப் அசரவில்லை. மாட்டியிருக்கும் கனெக்டரில் செல்ஃப் சுற்றும்போது 10.0 வோல்ட், ஹெட்லைட் பல்ப் கண் கூசும்படி எரிந்தது.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த ரிலே கதை பொருந்தாது. அங்கே ஏர் ஃபில்டரைத் தூக்கி, ஆக்சிலரேட்டரை மிதித்து, உள்ளே பெட்ரோல் பீய்ச்சுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பீய்ச்சினால் பொறி பக்கம் போங்கள். டீசலில் லைனில் காற்று ஏறியிருக்கிறதா, சாவி போட்டதும் டீசலைத் திறந்துவிடும் ஸ்டாப் சோலினாய்டு ‘டக்’ என்கிறதா, குளோ பிளக் வேலை செய்கிறதா என்பதில் ஆரம்பிக்கலாம். ஆனால் எந்த வண்டியிலும் வயர் என்று ஒன்று இருந்தால், மாட்டியபடி அளக்கும் விதி மாறாது.

வெயில் காலம் முழுக்க ஓடிவிட்டது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. இருந்தாலும் ஒரு புது ரிலே வாங்கி மாட்டிவிட்டு, ஈயம் வைத்ததைக் கையுறைப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய பம்ப் அலமாரியில் கிடந்தது. பெட்ரோல் வாடை முழுக்கப் போன பிறகு, ஒரு நாள் திறந்த வெளியில் வைத்து ஒரே ஒரு நொடி 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். ‘ஊ’ என்றது.